திங்கள் பதினொரு மணிக்குள்

பட்டரவாக்கத்தில் இறங்கி
எஸ்டேட் பக்கம் பத்து நிமிடம் நடந்தால்
தண்ணீர் கேன் கம்பெனி.
வில்லிவாக்கத்திலிருந்து இரண்டே ஸ்டேஷன்.
மாத சீசன் டிக்கெட்
ஒரு பிரியாணியை விட மலிவு
என்பது வரை கணக்குப் போட்டாகிவிட்டது.
கணக்குப் போட்டால் முடிவெடுத்த மாதிரி
என்று நினைக்கிறான் எட்வின்.
இல்லை.

வேலை இதுதான்:
மணிக்கொருமுறை குழாயில் நீர் பிடித்து
பி.எச். பார்த்து, டி.டி.எஸ். பார்த்து
ரெஜிஸ்டரில் எழுதிக் கையெழுத்துப் போடுவது.
தகுதி: பிளஸ் டூ, சயின்ஸ் குரூப்.
சம்பளம் பதினெட்டாயிரத்து ஐந்நூறு,
மாதம் நான்கு கேன் இலவசம்.

நான் ஆறு வருடம்
எண்ணூர்க் கழிமுகத்தில் முழங்கால் சேற்றில் நின்று
ஈயம் எவ்வளவு, காட்மியம் எவ்வளவு என்று
நூறு கோடியில் ஒரு பங்கு வரைக்கும் எண்ணியவள்.
அந்தச் சேறு
இன்னும் ஒரு ஜோடிச் செருப்பின் தையலில் இருக்கிறது.
ஆய்வேடு பரண்மேல்.
கறுப்பு அட்டை, தங்க எழுத்து.
கடைசியாக அதைத் திறந்தது
பூச்சி அரித்திருக்கிறதா என்று பார்க்க.

மார்ச்சில் கல்லூரி கான்ட்ராக்ட் முடிந்தது.
பிறகு பதினேழு நேர்காணல்.
எல்லாரும் நல்லவர்கள்.
என் பயோடேட்டாவை
சாப்பிட முடியாத விருந்து இலை மாதிரிப் பார்த்துவிட்டு
பாதியிலேயே மடித்தார்கள்.
ஒருவர் மட்டும்
"அளவுக்கு மிஞ்சினா அமிர்தமும்..." என்று ஆரம்பித்து
அடுத்த சொல்லுக்குப் பதிலாகத்
தண்ணீர் குடித்தார்.

இந்த முறை
முனைவர் என்ற நான்கு எழுத்தையும்
நானே அடித்தேன்.
எம்.ஃபில். போனது.
எம்.எஸ்சி.யில் கை கொஞ்சம் நின்றது,
அதுவும் போனது.
மிஞ்சியவளுக்கு இருபத்தொரு வயது.
அவளுக்கும் எனக்கும் நடுவே
பதினெட்டு வருடம் ஓட்டை.
"இவ்ளோ நாள் என்ன பண்ணிட்டிருந்தீங்க, பூங்கோதை?"
"வீட்டைப் பாத்துக்கிட்டேன் சார்."
மறு கேள்வியே வரவில்லை.
ஒரு பெண் சொல்லும் பொய்களில்
இதற்கு மட்டும் சான்றிதழ் கேட்பதில்லை.

சூப்பர்வைசர் இர்ஃபானுக்கு இருபத்து நான்கு இருக்கும்.
லேபைக் காட்டினான்.
ஒரு மேஜை, ஒரு சிங்க், தேதி கிழிக்காத காலண்டர்.
"இது பி.எச். மீட்டர்க்கா. இதத் தண்ணியில முக்கணும், அவ்ளோதான்.
பயப்படாதீங்க, பழகிடும்."
முக்கினேன்.
ஏழு புள்ளி நான்கு.
பக்கத்தில் பஃபர் புட்டி,
காலாவதியாகிப் பதினான்கு மாதம்.
எலெக்ட்ரோடின் நுனி காய்ந்து உப்புப் பூத்திருந்தது.
எதில் முக்கினாலும்
அது ஏழு புள்ளி நான்குதான் சொல்லும்,
யார் கேட்டாலும் நல்லாயிருக்கேன் என்று
ஏழு மாதமாக நான் சொல்வதைப் போல.

வாய்வரை வந்தது.
வீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தவளுக்கு
அது தெரிந்திருக்கக் கூடாது.
விழுங்கினேன்.

அன்றிலிருந்து தூக்கமில்லை.
அவமானம் என்று நினைத்து
எட்வின் பேச்சை மாற்றிக்கொண்டே இருக்கிறான்.
எங்கள் தெருவுக்கு வருவதும் அந்த கேன்தான், நீல மூடி.
மேல்வீட்டுக் கைக்குழந்தைக்கு
அதில்தான் பால் கலக்குகிறார்கள்.
அந்த ரெஜிஸ்டரில் நாளை முதல்
யாரோ ஒருத்தி கையெழுத்துப் போடுவாள்.

திங்கள். பத்து நாற்பது.
டைப் செய்தேன்:
சார், சேர்கிறேன்.
நான் வருவதற்குள் புது பஃபர் வாங்கி வைக்க முடியுமா?
நான்கு, ஏழு, பத்து, மூன்றும் வேண்டும்.

இரண்டாவது வாக்கியத்தோடு அனுப்பினால்
யார் இவள் என்று கேட்பார்கள்.
அது இல்லாமல் அனுப்பினால்
நான் கேட்பேன்.

கீழே மினி லாரி வந்து நிற்கிறது.
கேன்களை இறக்கும் சத்தம்
மாடிப்படியில் ஒவ்வொன்றாக ஏறி வருகிறது.